பாதிக்குப் பாதி

மகள்: இன்னும் எவ்வளவு நேரம்ப்பா?

அப்பா: பாத்துட்டுத்தானே இருக்கேன். அந்த டார்ச்சை இப்படிப் பிடி. என் மூஞ்சில அடிக்காதே, ரிப்பேர் என் மூஞ்சில இல்ல.

மகள்: மணி நாலாகப் போவுது. அஞ்சு மணிக்குள்ள விண்ணப்பம் அனுப்பணும்.

அப்பா: தெரியும், தெரியும். போன்ல சிக்னல் இருக்கா?

மகள்: ஒரு கோடு இருக்கு. வரும், போவும்.

அப்பா: அது போதும். லிஃப்டுக்குள்ள ஒரு கோடு கிடைக்கிறதே பெரிசு. எல்லாம் எழுதிட்டியா?

மகள்: ம்... எழுதிட்டேன்... ஹிக்.

அப்பா: ஏன் விக்குது?

மகள்: சும்மா. காத்து இல்ல.

வாட்ச்மேன்: அண்ணே... அண்ணே... உள்ளதான் இருக்கீங்களா?

அப்பா: வேற எங்கய்யா இருப்பேன்? ரெண்டாவது மாடிக்கும் மூணாவது மாடிக்கும் நடுவுல தொங்கிட்டிருக்கேன். கதவுக்கு அந்தப் பக்கம் நின்னு கத்தாதே.

வாட்ச்மேன்: கூட யாரு?

அப்பா: என் பொண்ணு. மூக்குக் கண்ணாடியை வீட்டிலே விட்டுட்டேன்னு கொண்டுவரச் சொன்னேன்.

வாட்ச்மேன்: அய்யோ, பாப்பாவுமா? பயப்படாதே பாப்பா, அப்பாதான் கூட இருக்காருல்ல. லிஃப்டு செஞ்சவனே வந்தாலும் அவரு அளவுக்குப் பாக்க மாட்டான். அண்ணே, கீழ அஞ்சாவது மாடி அம்மா ஒரு பெரிய தர்பூசணியோட நிக்கிறாங்க. எப்போ சரியாகும்னு கேக்கறாங்க.

அப்பா: தர்பூசணியைக் கீழ வைக்கச் சொல்லு. சரியாகும்போது சரியாகும்.

மகள்: பாவம்ப்பா.

அப்பா: அதை விடு. அந்த ஃபார்ம்ல ஒரு கட்டம் இருந்துதே... பதினொண்ணாம் கிளாஸ்ல மார்க் ஏன் இறங்கிப்போச்சு, குடும்பச் சூழ்நிலை ஏதாவது உண்டா, இருநூறு வார்த்தைக்குள்ள எழுதுன்னு. அதுல என்ன எழுதினே?

மகள்: ஏதோ எழுதினேன்.

அப்பா: படி.

மகள்: "அலட்சியம்."

அப்பா: அப்புறம்?

மகள்: அவ்வளவுதான்.

அப்பா: இருநூறு வார்த்தைக்கு இடம் குடுத்திருக்கான், நீ ஒரே வார்த்தையில கடையை மூடிட்டே. இந்தக் காலேஜ்தான் வேணும்னு ரெண்டு வருஷமா குதிச்சியே, நீயா இது?

மகள்: அலட்சியமாத்தான் இருந்தேன்... ஹிக்.

அப்பா: பாத்தியா, விக்குது. சின்ன வயசுலேர்ந்து இதேதான். பொய் சொன்னா உடனே விக்கல். ஜாம் பாட்டிலை உடைச்சுட்டுப் பூனைன்னு சொன்னே, ராத்திரி வரைக்கும் விக்கிட்டே இருந்தே.

மகள்: காத்து இல்லன்னு சொன்னேனேப்பா.

அப்பா: சரி, அதை அழி. நல்லதா ஒரு காரணம் எழுதுவோம். படிச்சா அவங்களுக்குக் கண்ணு கலங்கணும். சித்தப்பாவைச் சாகடிச்சிடலாமா?

மகள்: ப்பா.

அப்பா: அவன் ஒண்ணும் தப்பா எடுத்துக்க மாட்டான். போன் போட்டுச் சொல்லிட்டாப் போச்சு.

மகள்: ஃபார்ம்ல அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய ஆள்னு அவர் நம்பர்தான் குடுத்திருக்கு. காலேஜ்லேர்ந்து கூப்பிட்டா செத்தவரே எடுத்து ஹலோங்குவாரு.

அப்பா: அப்போ அவன் வேணாம். வெள்ளம்?

மகள்: நம்ம வீடு மூணாவது மாடி.

அப்பா: மேல இருந்து ஊத்துச்சுன்னு எழுதேன். குழாய் உடைஞ்சு புஸ்தகமெல்லாம் நனைஞ்சு...

வாட்ச்மேன்: அண்ணே, நான் ஒண்ணு சொல்லலாமா? மாமியாரு வந்து ஆறு மாசம் தங்கினாங்கன்னு எழுதச் சொல்லுங்க. எவனும் மேல ஒரு கேள்வி கேக்க மாட்டான்.

அப்பா: பதினேழு வயசுப் பொண்ணுக்கு ஏதுய்யா மாமியார்?

வாட்ச்மேன்: உங்க மாமியாரைச் சொன்னேன்.

அப்பா: அதுல கொஞ்சம் நியாயம் இருக்கு.

மகள்: யாரும் ஒண்ணும் சொல்ல வேணாம். நான் எழுதினது இருக்கட்டும்.

அப்பா: இரு. நடந்ததையே எழுதேன்.

மகள்: என்ன நடந்தது?

அப்பா: ...கம்பெனியை மூடினது. எனக்கு வேலை போனது.

மகள்: ப்பா, மெதுவா. வெளியில அவரு நிக்கிறாரு.

வாட்ச்மேன்: அண்ணே? நீங்க ஏதோ நீளமா லீவுல இருந்தேன்னுதானே சொன்னீங்க?

அப்பா: ஆமா. ரொம்ப நீளமான லீவு. சம்பளம் மட்டும் வரல. நீ போய்த் தர்பூசணியைப் பாருய்யா.

வாட்ச்மேன்: போறேண்ணே... அப்பவே சொல்லியிருக்கலாம்ணே... சரி, போறேன்.

மகள்: நீங்க யாருக்கும் சொல்லக் கூடாதுன்னீங்க. பக்கத்து வீட்டுக்குக்கூட. அதை எப்படிப்பா நான் முன்பின் தெரியாத காலேஜுக்கு எழுதுவேன்?

அப்பா: இப்போ நானே சொல்றேன், எழுது. ஒரு வருஷம் வீட்ல கிடந்தேன். உங்கம்மா ஆஸ்பத்திரி லாண்டரில ரெண்டு ஷிப்டு பாத்தா. உன் டியூஷனை நிறுத்தினோம். இதுக்கு மேல என்ன கஷ்டம் வேணும் அவங்களுக்கு?

மகள்: மிக்ஸியை விட்டுட்டீங்க.

அப்பா: எந்த மிக்ஸி?

மகள்: பொழுது போகலன்னு மூணு தடவை பிரிச்சு மாட்டினீங்க. நாலாவது தடவை அது மிக்ஸியாவே வரல. சுவிட்சைப் போட்டா நகர்ந்து போச்சு.

அப்பா: அதுல ஒரு ஸ்க்ரூ குறைஞ்சுது. சரி, நீ சிரிக்காதே. எழுது. வேலை போனதால மார்க் போச்சு.

மகள்: அதனால போகலப்பா.

அப்பா: பின்ன?

மகள்: ...அலட்சியம்... ஹிக்.

அப்பா: மறுபடியும் பாரு.

மகள்: டார்ச்சை நீங்களே பிடிங்க. எனக்குக் கை வலிக்குது.

அப்பா: டியூஷனை நிறுத்தினதும் உனக்குப் பாடம் சொல்லிக் குடுத்தது யாரு?

மகள்: நீங்க.

அப்பா: நிகழ்தகவுன்னு ஒரு பாடம். பகடை உருட்டினா ஆறு விழ வாய்ப்பு எவ்வளவு? நான் என்ன சொன்னேன்?

மகள்: விழும், இல்ல விழாது. பாதிக்குப் பாதி.

அப்பா: சீட்டுக்கட்டுல ராணி வர?

மகள்: வரும், இல்ல வராது. பாதிக்குப் பாதி. ப்பா, இப்போ எதுக்கு இதெல்லாம்?

அப்பா: போன மாசம் இப்போ சேர்ந்திருக்கிற கம்பெனியில எல்லாருக்கும் பாதுகாப்பு வகுப்பு நடத்தினாங்க. இன்ஜினியர் கேட்டாரு, நாலு கயிறு இருக்கிற லிஃப்டுல நாலும் ஒண்ணா அறுந்து போக வாய்ப்பு எவ்வளவுன்னு. நான் முதல் ஆளா எழுந்து நின்னு...

மகள்: அய்யோ. சொல்லிட்டீங்களா?

அப்பா: கணீர்னு சொன்னேன். அறும், இல்ல அறாது. பாதிக்குப் பாதி.

மகள்: என்ன சொன்னாங்க?

அப்பா: ஒண்ணும் சொல்லல. ஆனா வகுப்பு முடிஞ்சு எல்லாரும் படியில இறங்கிப் போனாங்க.

மகள்: ஹ ஹ ஹா...

அப்பா: சிரி, சிரி. அப்புறம் அந்த இன்ஜினியரே உக்கார வச்சு விளக்கினாரு. அன்னிக்கு எனக்குச் சோறு இறங்கல. உன் மார்க்கை இறக்கினது என் வேலை போனது இல்ல. நான்தான்.

மகள்: அப்படியெல்லாம் இல்ல... ஹிக்.

அப்பா: விக்காதே. இயற்பியல்லயும் கை வச்சேனே?

மகள்: கனமான சாமான் சீக்கிரம் விழும். ஸ்பேனரும் உங்க தொப்பியும் ஒண்ணா விழுந்தப்போ ஸ்பேனர்தான் முதல்ல வந்துது, நீங்க கண்ணால பாத்தீங்க.

அப்பா: பாத்தேன்தான். அந்த விஷயத்துல எனக்கு இன்னும் சந்தேகம் இருக்கு... அதை விடு. நான் சொன்னது தப்புன்னு உனக்கு எப்போ தெரிஞ்சுது? பரீட்சை முடிஞ்சா?

மகள்: நீங்க சொன்ன அன்னிக்கே. ப்பா, நாலாங்கிளாஸ் பிள்ளைக்கே தெரியும்.

அப்பா: பின்ன பரீட்சையில சரியா எழுதியிருக்கலாமே?

மகள்: எப்படி எழுதறது? கேட்டுக்கு வெளியில நிப்பீங்க. வந்ததும் கேள்வித்தாளைப் பிடுங்கி, இதுக்கு என்ன எழுதினே, அதுக்கு என்ன எழுதினேன்னு ஒண்ணொண்ணாக் கேப்பீங்க. சரியா எழுதிட்டு உங்ககிட்ட பாதிக்குப் பாதின்னு சொன்னா எனக்கு விக்கும். விக்கினா உங்களுக்குத் தெரிஞ்சிடும்.

அப்பா: தெரிஞ்சா என்ன? ரெண்டு நிமிஷம் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவேன்.

மகள்: மறுபடி போய்ச் சுவத்தைப் பாத்துப் படுத்துக்குவீங்க. எத்தனை நாள் அப்படிக் கிடந்தீங்க, ஞாபகம் இருக்கா? தாடியும் அதுவுமா... அம்மா கூப்பிட்டாலும் திரும்ப மாட்டீங்க. எனக்குப் பாடம் எடுக்கப் போறேன்னு சொன்ன அன்னிக்குத்தான் எழுந்து ஷேவ் பண்ணினீங்க. கம்பெனி சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கிட்டு வந்து உக்காந்தீங்க. பையில பேனா வேற.

அப்பா: டீச்சர்னா ஒரு இது வேணாமா...

மகள்: அதைப் பாத்ததுக்கப்புறம் எப்படிப்பா நான் ஆறில் ஒண்ணுன்னு சொல்லுவேன்?

அப்பா: டார்ச்சை என் மூஞ்சில அடிக்காதேன்னு சொன்னேன்ல.

மகள்: டார்ச் உங்க கையிலதான் இருக்கு.

வாட்ச்மேன்: அண்ணே, அந்தம்மா பொறுக்க மாட்டாம தர்பூசணியைப் படிக்கட்டுலயே வெட்டிட்டாங்க. எல்லாரும் தின்னுட்டிருக்காங்க. உங்களுக்கு ரெண்டு துண்டு எடுத்து வைக்கட்டுமா?

அப்பா: வை. ஒண்ணு பெரிசா வை, என் பொண்ணுக்கு.

மகள்: எழுதிட்டேன்ப்பா.

அப்பா: அதுக்குள்ளயா? படி.

மகள்: "எங்கப்பாவுக்கு வேலை போச்சு. அவர் படுக்கையிலேர்ந்து எழுந்து எனக்குப் பாடம் எடுத்தார். எல்லாம் தப்பு. தெரிஞ்சே அப்படியே எழுதினேன். மார்க் போச்சு, அப்பா எழுந்துட்டார். திரும்ப அந்த வருஷம் வந்தாலும் அதையேதான் எழுதுவேன். இந்த வருஷ மார்க்கையும் பாருங்க, அது நானே படிச்சது."

அப்பா: விக்கல் வரலையே.

மகள்: வரல.

அப்பா: "எல்லாம் தப்பு"ன்னு இருக்கே, "பெரும்பாலும் தப்பு"ன்னு மாத்தேன்.

மகள்: மாத்தினா விக்கும்.

அப்பா: சரி, அனுப்பு... போச்சா?

மகள்: சுத்திட்டே இருக்கு... போயிடுச்சு.

அப்பா: சீட்டு கிடைக்குமா?

மகள்: கிடைக்கும், இல்ல கிடைக்காது. பாதிக்குப் பாதி.

அப்பா: வாயைப் பாரு. சரி, நகரு. அந்தச் சாவியைத் திருப்பணும். உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்... திட்டாதே. இந்த லிஃப்டுக்கு ஒண்ணுமே ஆகல. வீட்ல கேட்டா எழுந்து போயிடுவே. அதான் உன்னை இங்க வரவழைச்சு நானே நிறுத்தினேன்.

மகள்: தெரியும்ப்பா. ஏறினதுமே சாவி போட்டுத் திருப்பினீங்க, எதிர்க் கண்ணாடில பாத்தேன். மறந்துட்டேன்னு சொன்ன மூக்குக் கண்ணாடியும் உங்க சட்டைப் பையில இருக்கு. வீட்ல தேடிக் கிடைக்காம நான் கொண்டுவந்தது அம்மாவோடது. ஷேவ் வேற பண்ணிட்டு வந்திருந்தீங்க. அதான் இன்னிக்கும் ஒண்ணும் சொல்லாம நின்னேன்.