அட்டையில் ஒட்டிய துணி

அக்கா: நாப்பத்தொண்ணாம் பக்கத்தை எடுத்துடு.

தம்பி: பிரஸ்காரர் அச்சுக்கு வாங்கிட்டுப் போக வாசல்ல நிக்கிறார்க்கா. இந்த நெசவுப் பள்ளிக்கூடத்தோட அறுபது வருஷ வரலாறு, நூத்தி இருபது பக்கம் எழுதியிருக்கேன். உனக்கு அந்த ஒரு பக்கம்தான் கண்ணை உறுத்துதா?

அக்கா: அந்த ஒண்ணுதான்.

தம்பி: மில்லு குடோன்ல ரெண்டு தறியோட ஆரம்பிச்சது இருக்கட்டுமா?

அக்கா: இருக்கட்டும்.

தம்பி: பொண்ணுங்க முடி தறி பெல்ட்ல மாட்டிக்கும்னு சாக்கு சொல்லி இருபது வருஷம் சேர்த்துக்காதது?

அக்கா: அதையும் போடு. பெரிசாவே போடு.

தம்பி: 'நெசவுத் தொழில்நுட்பத்தில் தேறிய முதல் பெண்' மட்டும் ஆகாது. அது நீதானே... முப்பத்தி நாலு வருஷமா இதே லேப்ல பாடம் எடுக்கிறே. அடக்கம் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கு.

அக்கா: கிண்டல் பண்ணாதே. அந்த நூல் பார்க்கிற லென்ஸை உருட்டாதே, கீழ விழும்.

தம்பி: புது லேபுக்கு உன் பேர் வைக்கப் போறாங்க. இந்தப் பக்கத்தை வெச்சுத்தான் கமிட்டி முடிவே பண்ணிச்சு.

அக்கா: அதனாலதான் சொல்றேன்.

தம்பி: என்னக்கா?

அக்கா: எங்க பேட்ச்ல ரெண்டு பொண்ணுங்க.

தம்பி: தெரியும். இன்னொருத்தங்க ஃபெயில். ரிஜிஸ்டர்ல இருக்கு.

அக்கா: ரிஜிஸ்டர்ல எல்லாமா இருக்கும்...

தம்பி: சொல்லு.

அக்கா: பிராக்டிகல் பரீட்சை. அட்டையில ஒரு துண்டுத் துணி ஒட்டித் தருவாங்க. மேல்பக்கம் நூல் எப்படி ஏறி இறங்குதுன்னு லென்ஸ்ல பார்த்துக் கட்டம் போட்ட தாள்ல வரையணும். நூறு மார்க்ல அறுபது அதுக்குத்தான்.

தம்பி: சரி.

அக்கா: ரெண்டு பக்கமும் வேற வேற மாதிரி இருக்கிற துணி. அன்னிக்கு மாஸ்டர் திருப்பி ஒட்டிட்டார்.

தம்பி: எல்லாருக்குமா?

அக்கா: பதினாலு அட்டைக்கும். அடிப்பக்கம் வெளிய, மேல்பக்கம் பசையில. விடையையும் அதைப் பார்த்தே போட்டு வெச்சிருந்தார்.

தம்பி: யாருமே கண்டுபிடிக்கலையா?

அக்கா: அவ கண்டுபிடிச்சா. ஊசியால ஓரத்தைத் தூக்கிப் பார்த்து, உள்ள இருந்த பக்கத்தை வரைஞ்சா. சரியா வரைஞ்சா.

தம்பி: அதுக்கு...

அக்கா: அறுபதுக்கு சைபர். 'துணிக்கு மேல்பக்கம் எதுன்னே தெரியலை, உனக்கெல்லாம் எதுக்குத் தறி'ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டார். மறுவாரம் பெட்டியைக் கட்டிக்கிட்டுப் போயிட்டா. எங்கயோ சட்டைக்குக் காலர் தைக்கிறாள்னு கேள்வி.

தம்பி: தப்பு மாஸ்டர் மேல. நீ கண்ணுக்குத் தெரிஞ்சதை வரைஞ்சே. மத்தவங்களும் அதானே...

அக்கா: நானும் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன்டா.

தம்பி: நீயுமா?

அக்கா: அவளுக்கு முன்னாடியே பார்த்துட்டேன். மாஸ்டர் தப்புன்னு சொல்ற பொண்ணுக்கு யாரு பாஸ் போடுவாங்கன்னு பயம். ஓரத்தை அமுக்கி ஒட்டிட்டு, அவர் என்ன எதிர்பார்ப்பாரோ அதை வரைஞ்சேன்.

தம்பி: அவங்க திட்டு வாங்குறப்ப?

அக்கா: தலையைக் குனிஞ்சு லென்ஸைத் துடைச்சுக்கிட்டிருந்தேன். இப்ப வருஷா வருஷம் பிள்ளைங்களுக்கு முதல் பாடமே, 'துணியைத் திருப்பிப் பாரு'ங்கிறதுதான். சொல்றப்பல்லாம் வெக்கமா இருக்கு.

தம்பி: பக்கத்தை எடுத்துட்டா சரியாயிடுமா?

அக்கா: வேற என்ன செய்யச் சொல்றே?

தம்பி: எடுத்தா, நீ மறைச்சது இன்னும் பத்திரமா மறைஞ்சுடும். அவ்வளவுதான்.

அக்கா: பேனாவைக் கொடு.

தம்பி: எதுக்கு?

அக்கா: மாத்தி எழுதுறேன். அந்தப் பரீட்சையில துணியைச் சரியாப் படிச்சவ அவ. தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டவ நான்.

தம்பி: பேரெல்லாம் போயிடும்க்கா. யோசிச்சுக்கோ.

அக்கா: போகட்டும். ஆதாரம் கேட்டாத்தான் கையில ஒண்ணுமில்லை. அட்டையெல்லாம் அப்பவே எரிச்சுட்டாங்க.

தம்பி: பதிமூணைத்தான் எரிச்சாங்க. இந்தா.

அக்கா: இது... பேர் எழுதியிருக்கிறது அவ கையெழுத்து. ஓரம் கூட அப்படியே தூக்கிக்கிட்டு நிக்குது. உனக்கு எப்படிடா கிடைச்சுது?

தம்பி: பழைய மாணவங்களைத் தேடிப் போனப்ப அவங்க வீட்டுக்கும் போனேன். அன்னிக்குக் கையோட எடுத்துட்டுப் போன அட்டையைத் தையல் மெஷின் டிராயர்ல வெச்சிருந்தாங்க.

அக்கா: அப்ப உனக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே அந்தப் பக்கத்தை எழுதி என் முன்னாடி நீட்டினே.

தம்பி: மாஸ்டர் திருப்பி ஒட்டினது வரைக்கும்தான் தெரியும். நீ தூக்கிப் பார்த்தது எனக்குத் தெரியாது. அவங்களுக்கும் தெரியாது.

அக்கா: அவ... என்னைப் பத்தி என்ன சொன்னா?

தம்பி: 'உங்கக்கா பேரே இருக்கட்டும் தம்பி. அவளுக்கு மட்டும் தெரிஞ்சிருந்தா அன்னிக்கே எனக்காக எழுந்து நின்னிருப்பா. இந்த அட்டையை அவகிட்ட காட்டிடாதீங்க, மனசு தாங்க மாட்டா'ன்னாங்க.