இடைவரிசை

— பெட்டியை மறுபடி பரண்ல ஏத்தாதீங்க, சொல்லிட்டேன். சோளம் ஒடிச்சதும் தனிக்குடித்தனம் போயிடலாம்னு சொன்னது நீங்கதான். நேத்தோட கடைசிக் கதிரும் ஒடிச்சாச்சு.

— சோளம் முடிஞ்சுது, சரி. நடுவுல மரவள்ளி நிக்குதே, அதை என்ன பண்றது?

— அதைப் பிடுங்க இன்னும் ஆறு மாசம் இருக்கே!

— கத்தாதே. மறைப்புக்குக் கட்டின சேலைக்கு அந்தப் பக்கம் அண்ணன் இருக்கார்.

— இருக்கட்டுமே. நிலத்துல பயிர் நிக்கிற வரைக்கும் யாரும் தனியாப் போகக்கூடாதுன்னு சட்டம் போட்டவரே அவர்தானே. சோளம் முடியறப்போ மரவள்ளி. மரவள்ளி பிடுங்கறதுக்குள்ள மறுபடி சோளம். இந்த ஜென்மத்துல அந்த நிலம் காலியாகுமா?

— ரெண்டையும் சேர்த்துப் போட்டா மண்ணு சும்மா கிடக்காதுங்கறார்.

— மண்ணு கிடக்காது, நாமதான் கிடக்கிறோம்! ஒரே ரூம், நடுவுல ஒரு பழைய சேலை. நான் இருமினாக்கூட உங்க அண்ணி ‘என்ன’ங்கறாங்க. தையல்கடை அக்கா அந்த மாடி ரூமை நமக்காக எத்தனை நாள் பூட்டி வச்சிருப்பா? நாளைக்குள்ள சாவி வாங்கலேன்னா வேற ஆளுக்கு விட்டுடுவேன்னு சொல்லி அனுப்பிட்டா.

— தெரியும்.

— தெரிஞ்சும் இப்படி நிக்கறீங்களே! மரவள்ளிக் குச்சியை நட்டது உங்க அண்ணன் இல்லையே, நீங்கதானே? முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலையா?

— அவர் எதிர்ல எனக்கு எப்போ வாய் வந்திருக்கு? கைதான் வந்துச்சு.

— என்ன உளர்றீங்க?

— கிட்ட வா. யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது. அத்தனை குச்சியையும் நான் தலைகீழாத்தான் நட்டேன். வேணும்னேதான். பாதி அழுகிடும், மீதி தேறாது, சோளத்தோட நிலம் காலியாயிடும், உன்னைக் கூட்டிட்டுக் கிளம்பிடலாம்னு இருந்தேன்.

— எத்தனை குச்சி?

— நானூறு இருக்கும். இப்போ போய்ப் பாரு, இடுப்பளவு தழைச்சு நிக்குது. எப்படின்னே புரியலை, எல்லாம் என் நேரம்... ஏய், ஏன் அப்படியே உட்கார்ந்துட்டே? அழறியா என்ன?

— நீங்க நட்ட மறுநாள் நான் நிலத்துக்குப் போனேங்க. இத்தனை வருஷம் விவசாயம் பார்க்கிற மனுஷன் இப்படி நட்டு வச்சிருக்காரே, உங்க அண்ணன் பார்த்தா ஊரைக் கூட்டி உங்க மானத்தை வாங்கிடுவாரேன்னு, ரெண்டு நாளா முதுகு ஒடிய, ஒவ்வொண்ணாப் பிடுங்கி நேராத் திருப்பி நட்டது நான்தாங்க.