எல்லோருக்கும் பின்னால் வந்த சிவானந்தன் அண்ணர்

மேடையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களே, முன்வரிசையில் இருக்கும் அண்ணரின் துணைவியார் எங்கள் சரோஜினிதேவி அக்கா, மகள் ரூபிகா, வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் வந்திருக்கும் உறவினர்களே, நண்பர்களே, வாசலில் சைக்கிளைச் சாத்திவிட்டு ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டிருக்கும் எங்கள் ஞாயிறு குழுவினரே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கமும் ஸலாமும். உயிரைத் தந்தவரும் திருப்பி எடுத்துக்கொண்டவருமான ஆண்டவரை முதலில் நினைத்துக்கொள்கிறேன். ஒரு நல்ல மனிதரை இத்தனை காலம் நம்மோடு விட்டுவைத்ததற்கு அவருக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும்.

நான் மேடையில் பேசிப் பழகியவள் அல்ல. பெயர் றொசானா. கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியில் வீட்டைப் பார்த்துக்கொண்டிருப்பவள். வரவு செலவை ஒழுங்காக எழுதுவேன் என்று என்னைக் குழுவின் பொருளாளர் ஆக்கினார்கள். அதனால்தான் இந்த ஒலிவாங்கி என் முன்னால் இருக்கிறது. எழுதிக்கொண்டு வந்ததை வாசிக்கிறேன். இடையில் நின்றுபோனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் குழுவின் தலைவர், ஓய்வுபெற்ற காப்புறுதி அதிகாரி, திரு. சிவானந்தன் அவர்கள் சென்ற மாதம் ஒரு விடியற்காலையில், தன் வீட்டுக் கட்டிலில், உறக்கத்திலேயே காலமானார். வீதியில் அல்ல. இதை நான் அழுத்திச் சொல்கிறேன். செய்தி பரவியதும் எத்தனை பேர் என்னிடம் கேட்டார்கள், "எந்த பஸ் அடிச்சது?" என்று. எந்த பஸ்ஸும் அடிக்கவில்லை. காலி வீதியின் பஸ் நெரிசலில் அவ்வளவு காலம் சைக்கிள் ஓடியவரை ஒரு பஸ்ஸும் தொட்டதில்லை. ஏன் தொடவில்லை? அதிர்ஷ்டம் என்று சொல்லிவிடலாமா? அவர் ஓடிய விதத்தைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

"முதல் உங்களை அவனுக்குக் காட்டுங்கோ. கோவிக்கிறதைப் பிறகு பார்க்கலாம்." இதுதான் அவர் எங்களுக்குச் சொன்ன முதற்பாடம். கையைத் தெளிவாக நீட்டாமல் அவர் எந்தப் பக்கமும் திரும்பியதில்லை. ஒருநாள் பம்பலப்பிட்டியில், மிதிபலகையில் தொங்கிக்கொண்டு வந்த பஸ் நடத்துனர் ஒருவர் சிங்களத்தில் கத்தினார், "அங்கிள், ஓரத்தால போங்க." அண்ணர் அதே சிங்களத்தில், அவரைத் தம்பி முறையாக மல்லி என்று அழைத்து, குரலை உயர்த்தாமல் சொன்னார்: "ஓரத்தில கான் இருக்கு மல்லி. நான் அதுக்குள்ள விழுந்தா நீங்கள்தான் இறங்கித் தூக்க வேணும். உங்களுக்குத்தான் நேரம் பிந்தும்." நடத்துனருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பஸ்ஸின் உடம்பில் இரண்டு தட்டுத் தட்டினார். பஸ் விலகிப் போனது.

கானை, அந்த வீதியோர வடிகாலைப் பற்றிச் சொன்னேன். அவரை அறிந்தவர்கள் கான் மூடிகளைப் பற்றியும் அறிந்திருப்பீர்கள். மூடியின் ஓட்டைகள் வீதிக்குக் குறுக்காக இருக்க வேண்டும், நீளப்பாடாக இருந்தால் மெல்லிய டயர் அதற்குள் இறங்கி ஆளைத் தூக்கி எறிந்துவிடும் என்பது அவருடைய உறுதியான கருத்து. அந்தக் கருத்தை அவரிடமிருந்து கேட்காமல் தப்பியவர் இந்த மண்டபத்தில் யாராவது இருக்கிறீர்களா? சரோஜினிதேவி அக்கா ஒருமுறை என்னிடம் சொன்னார், "இவரைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனா, சாமியைப் பார்க்க முதல் வாசலில கிடக்கிற கான் மூடியைத்தான் பார்ப்பார்." அக்கா, நீங்கள் சிரிப்பது எனக்கு ஆறுதலாக இருக்கிறது.

சிவப்பு விளக்கு இன்னொன்று. விடியற்காலையில் வெறிச்சோடிய சந்தியிலும் காலை ஊன்றி நிற்பார். எங்கள் செயலாளர், தம்பி மிதுஷன், குழுவிலேயே வேகமானவர், பொறுக்கமாட்டாமல் சொல்வார்: "ஒருத்தரும் இல்லையே அண்ணை." அண்ணர் திரும்பிப் பார்ப்பார். "நாங்கள் இருக்கிறம் தானே தம்பி." அதே மிதுஷன் பாரம் குறைந்த வெளிநாட்டுச் சைக்கிள் ஒன்று வாங்கப் போவதாகச் சொன்னபோது, "ரெண்டு கிலோ குறைக்கிறதுக்கு இவ்வளவு சல்லியோ? இரவில கொத்துரொட்டியை விடும்" என்றார். மிதுஷன் சைக்கிளையும் வாங்கினார், கொத்துரொட்டியையும் விடவில்லை. அதற்காக அண்ணர் அவரில் வைத்த அன்பு ஒரு துளியும் குறையவில்லை.

பெற்றோல் இல்லாமல் நாடே வரிசையில் நின்ற வருடத்தில்தான் நான் சைக்கிள் பழகினேன். அந்த வருடம் கொழும்பில் எல்லோரும் சைக்கிள் ஓடினோம். பெற்றோல் திரும்பி வந்ததும் என்ன நடந்தது? அந்தச் சைக்கிள்கள் பல்கனிகளில் துணி காயப்போடும் கம்பிகளாகின. அண்ணர் தெரிந்த வீடுகளுக்கெல்லாம் போய், "ஞாயிற்றுக்கிழமை மட்டும் அதை இறக்குங்கோ" என்று கேட்டார். என் வாசலிலும் வந்து நின்றார். நான் இரண்டு காரணம் சொன்னேன். அந்த இறுக்கமான உடுப்பெல்லாம் நான் போடமாட்டேன், ஞாயிறு தேவாலயப் பூசையையும் விடமாட்டேன்.

"உடுப்பு உங்கட இஷ்டம் தங்கச்சி. பிரேக் மட்டும் எங்கட இஷ்டம், அது நல்லா இருக்க வேணும். பூசைக்குப் போயிட்டு வாங்கோ. களனி ஆறு எங்கையும் போகாது."

அன்றிலிருந்து, வெள்ளவத்தையில் புறப்பட்டு மரைன் டிரைவ் வழியாக வரும் குழு, கொட்டாஞ்சேனைக் கோயில் மதிலோரம் காத்து நின்றது. நான் பூசை முடிந்து சுடிதார்க் காலுக்கு ரப்பர் வளையம் போட்டுக்கொண்டு வரும்வரை நின்றது. "வெயில் ஏறுது அண்ணை" என்று முணுமுணுத்தவருக்கு, "கிறீம் பூசும் தம்பி" என்று பதில் கிடைத்தது. அவர் சைவர், நான் கத்தோலிக்கப் பெண். என் பூசைக்கு நேரம் ஒதுக்கியதை ஒரு பெருந்தன்மையாக அவர் ஒருநாளும் காட்டிக்கொள்ளவில்லை.

இனித்தான் நான் சொல்ல வந்ததைச் சொல்லப் போகிறேன்.

தலைவர் என்றால் எங்கே ஓடுவார்? முன்னால் ஓடுவார் என்றுதான் நினைப்பீர்கள். எங்கள் தலைவர் எல்லோருக்கும் பின்னால் ஓடினார். முகத்துவாரம் தாண்டி, களனி ஆற்றுப் பாலம் ஏறி, ஹெந்தளைக்குப் போய்த் திரும்பும் அந்தப் பாதையில், யார் மிக மெதுவாக ஓடுகிறாரோ அவருக்குப் பின்னால், ஒரு விளக்குக் கம்பத்து இடைவெளி விட்டு வருவார். நெருங்கி வந்தால் துரத்துவது போல் இருக்குமாம். "கெதியா வாங்கோ" என்று ஒருவரையும் சொன்னதில்லை. பின்னால் வருவது சுலபமான வேலையா? முன்னால் போகிறவருக்குத் தன் மூச்சைப் பார்த்தால் போதும். பின்னால் வருபவர் இன்னொருவருடைய மூச்சைப் பார்த்து ஓட வேண்டும்.

அந்த இன்னொருவர் பெரும்பாலும் கிராண்ட்பாஸில் இருக்கும் எங்கள் முஸ்லிம் அண்ணன் ஸாலிஹ் நானா. இருதய சத்திரசிகிச்சை செய்துகொண்டவர். மெதுவாக ஓடலாம், ஓடுவது நல்லது என்று வைத்தியர் சொன்னார். அவருடைய மனைவி லுத்பியா ராத்தா, சிவானந்தன் பின்னால் வருகிறார் என்ற ஒரே நம்பிக்கையில் அவரை அனுப்பினார். பாலத்து ஏற்றத்தில் நானாவுக்கு மூச்சு வாங்கும். சரியாக அந்த இடத்தில் அண்ணர் இறங்கி நின்று, டயரில் காற்றுக் குறைவு என்று பம்பை எடுப்பார். நானாவும் நிற்பார். அந்த டயரில் ஒரு குறையும் இல்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். நானாவுக்குத் தெரியாதா? "இவர்ட டயருக்கு என்ன சீக்கோ தெரியா, எனக்கு மூச்சு வாங்குற எடத்துலதான் காத்துப் போகுது" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தவர் அவர். ஒருவருக்கொருவர் அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. நட்புக்கு இதைவிட மரியாதையான உருவத்தை நான் கண்டதில்லை.

அண்ணர் காலமான பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எல்லோரும் வெள்ளை உடுத்து, பேசாமல் ஓடினோம். துக்கத்தில் கால் வேகமாக மிதிக்கிறது. அன்று அதைக் கண்டேன். ஹெந்தளையில் நின்று பார்த்தபோது ஸாலிஹ் நானா இல்லை. பாலத்து ஏற்றத்தில் தனியாக நின்று, பிறகு சைக்கிளைத் திருப்பி உருட்டிக்கொண்டு போய், முகத்துவாரத்தில் ஒரு கடை வாங்குப் பலகையில் உட்கார்ந்திருக்கிறார். யாரோ ஒரு முச்சக்கரவண்டிக்காரர் அவரையும் சைக்கிளையும் வீட்டில் சேர்த்திருக்கிறார். ஆண்டவர் அந்த மனிதரை ஆசீர்வதிக்கட்டும். எங்களில் ஒருவரும் நானாவை வேண்டுமென்று விட்டுப் போகவில்லை. பின்னால் பார்க்க ஆள் இருக்கிறது என்ற பழக்கத்திலேயே ஓடினோம். அந்த ஆளுக்காகத்தான் அன்று வெள்ளை உடுத்திருந்தோம்.

லுத்பியா ராத்தா சைக்கிளுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டார். நான் போய்ப் பேசினேன். அவர் கோபிக்கவில்லை. "அவர் போக வாணாமுண்டு நான் செல்லல்ல. பின்னால யாரு வாரது? அதச் செல்லுங்க, சாவி தாரன்." நான் சாவி இல்லாமல் திரும்பினேன். இன்று இந்த மண்டபத்துக்கு ஸாலிஹ் நானா ராத்தாவோடு பஸ்ஸில் வந்திருக்கிறார்.

இதற்கிடையில் எங்கள் குழு ஒரு முடிவு எடுத்திருக்கிறது. அண்ணரின் பெயரில் வருடந்தோறும் சைக்கிளோட்டப் போட்டி. ஹெந்தளையில் தொடங்கி வெள்ளவத்தையில் முடியும். முதலாவதாக வருபவருக்குக் கிண்ணம். தம்பி மிதுஷன் நல்ல மனதோடுதான் இதைக் கொண்டுவந்தார். கிண்ணம் வாங்குவதற்கு என் கையெழுத்து வேண்டும். நான் இன்னும் வைக்கவில்லை. ஏன் வைக்கவில்லை என்பதை அறைக்குள் சொல்வதைவிட அண்ணரின் படத்துக்கு முன்னால் சொல்வதே நேர்மை. அந்தப் போட்டியில் ஸாலிஹ் நானா எங்கே இருப்பார்? வெள்ளவத்தையில் கிண்ணம் கொடுத்துக் கைதட்டும் நேரத்தில் அவர் இன்னும் பாலத்தில் இருப்பார். சிவானந்தன் என்ற பெயரை எழுதிவைத்துவிட்டு, சிவானந்தன் ஒருநாளும் விட்டுப் போகாத மனிதரை நாம் விட்டுவிட்டு வரலாமா?

நேற்று மிதுஷனைத் தொலைபேசியில் அழைத்து, போட்டி வேண்டாம், நீங்கள் பின்னால் வாருங்கள் என்று கேட்டேன். "அக்கா, எனக்கு மெதுவா ஓட வராது. விழுந்திடுவன்" என்றார். சிரிக்காதீர்கள். அது உண்மை. மெதுவாக ஓடுவதற்குத்தான் அதிகப் பழக்கம் வேண்டும். அண்ணருக்கு அது பிறவியில் வந்ததா? அவரும் வாலிபத்தில் வேகமாக ஓடியவர்தான் என்று சரோஜினிதேவி அக்கா சொல்கிறார். பழகித்தான் பின்னால் வந்திருக்கிறார்.

ஆகவே சபையோரே, அண்ணருடைய பணியைத் தொடர்வோம் என்று பொதுவாக ஒரு உறுதிமொழி சொல்லிவிட்டு இறங்க எனக்கு விருப்பமில்லை. அவருடைய பணி பின்னால் வருவது. அதை நான் எடுத்துக்கொள்கிறேன். இறைவன் பலம் தரட்டும். ஆனால் பாலத்தில் ஒருவருக்கு ஏதும் என்றால் ஒரு பெண் தனியே போதாது. இன்னும் ஒருவர் வேண்டும். யார் வருகிறீர்கள்?

மிதுஷன் தம்பி கையை உயர்த்தியிருக்கிறார். நன்றி தம்பி. விழுந்தால் நாங்கள் நின்று தூக்குவோம்.

லுத்பியா ராத்தா, நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். சாவியை இப்போதே தாருங்கள் என்று கேட்கமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நாங்கள் இருவரும் உங்கள் கேற்றடிக்கு வருவோம். மணி அடித்து உங்களை அவசரப்படுத்தமாட்டோம். நீங்கள் திறந்தால் ஸாலிஹ் நானாவை முன்னால் விட்டு, நாங்கள் பின்னால் வருவோம். உங்களுக்கு இன்னும் மனம் வராவிட்டால், அடுத்த ஞாயிறும் வந்து நிற்போம்.