மாதக் கணக்கும் ஈத்துக் கணக்கும்

மாட்டுத் தீவனத்தின் விலையையும் மடியில் சுரக்கும் பாலின் அளவையும் ஒரே திரையில் காட்டும் இந்தப் பயிற்சி வகுப்பைத் தொடங்கிவைத்து, தலைமையும் ஏற்று, பால் வண்டியோட்டும் என்னையும் மேடையேற்றி அழகு பார்க்கும் எங்கள் பால் சங்கத்தின் தலைவர் அவர்களே! கடையைப் பாதியில் பூட்டிவிட்டு வந்து முன்வரிசையில் முகம் துடைத்துக்கொண்டிருக்கும் தீவன வணிகரே! கணினி கற்றுத்தர வந்திருக்கும் ஆசிரியப் பெருந்தகையே! ஆண்டு பல கண்ட மூத்தோரே! கறவை முடித்த கையோடு, கன்றுக்குத் தண்ணீர் காட்டிய ஈரத்தோடு, கலைந்த கூந்தலை அள்ளி முடிந்தபடி வந்தமர்ந்திருக்கும் தாய்மார்களே! கதவோரம் நின்று, "சீக்கிரம் முடிப்பா" என்று கண்ணாலேயே கட்டளையிடும் நண்பர்களே! உங்கள் பொறுமைக்கு முன்கூட்டியே ஒரு வணக்கம்.

வாழ்த்துரை வழங்க அழைத்தார்கள். வழங்குகிறேன். ஆனால் இந்த வாய் கொஞ்சம் அழுதுவிட்டுத்தான் வாழ்த்தும். நான் பேச வந்தது என் அண்ணனைப் பற்றி. இதே மண்டபத்தில், இதே வகுப்பின் முதல் அணியில் அமர்ந்து படித்தவர் அவர். இன்று இல்லை.

வகுப்புக்கு வருமுன் அவர் நிலை என்ன? பாலை ஊற்றினார், பணத்தை வாங்கினார், அப்படியே கொண்டுபோய்த் தீவனக் கடையில் கொட்டினார். (கடைக்காரர் சிரிக்கிறார். சிரியுங்கள் ஐயா, உங்கள் கல்லாவும் சேர்ந்து சிரித்த காலம் அது!) தொழுவம் நிறைய மாடு, துயரம் நிறைய வீடு. எங்கே போகிறது காசு? எவர் தின்கிறார் லாபத்தை? அண்ணனுக்கு விளங்கவே இல்லை.

வகுப்புக்கு வந்தார். விரிதாள் என்றார்கள், அண்ணன் அதை "ஷீட்டு" என்றார். ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு வரிசை. உலர்புல்லுக்கு ஒரு கட்டம், பசும்புல்லுக்கு ஒரு கட்டம், பிண்ணாக்குக்கு ஒரு கட்டம், மருந்துக்கு ஒரு கட்டம், கடைசியில் பால். தலையில் வைத்துக் கொண்டாடிய பசு ஒருத்தி, கொடுப்பதைவிட அதிகம் தின்கிறாள் என்று தெரிந்தது. கறப்பவளுக்கும் கறக்காதவளுக்கும் ஒரே அளவு பிண்ணாக்கு வைத்த பழக்கம் ஒழிந்தது. அந்த ஆண்டுதான் எங்கள் வீட்டுக் கூரை ஒழுகுவதை நிறுத்தியது. என் அண்ணி எட்டிப் பார்த்துக் கேட்டார்: "எல்லாருக்கும் ஒரு வரிசை போட்டிருக்கீங்க, எனக்கு எங்கங்க?" அண்ணன் சொன்னார்: "உன்னைச் சேர்த்தா, நீதான் முதலாளி, நான் வெறும் வேலைக்காரன்னு ஷீட்டு காட்டிக் கொடுத்திடும்டி!"

ஆகவே கணினியைக் குறை சொல்ல வந்தவன் என்று என்னை எண்ணாதீர்கள். அது எங்களுக்குச் சோறு போட்டது.

ஆனால் அண்ணன் ஒரு தவறு செய்தார். மாதக் கடைசியில் ஒரு பொத்தானை அழுத்துவார். லாபம் தருபவள் மேலே ஏறுவாள், நட்டம் தருபவள் கீழே இறங்குவாள், கடைசி வரிசை சிவந்துவிடும். சிவந்தவளை விற்றுவிடுவது என்று ஒரு முடிவு வைத்திருந்தார். ஒரு மாதம் சிவந்து நின்றவள் யார் தெரியுமா? சீமாட்டி! எங்கள் தொழுவத்தின் சிங்காரி, செல்வி, செருக்குக்காரி! அப்போது அண்ணி, தம் மகளின் பிரசவத்துக்குப் போயிருந்தார். திரும்பி வந்து பார்த்தால், கட்டுத்தறியில் கயிறு மட்டும் கிடக்கிறது.

"சீமாட்டி எங்கங்க?"

"வித்துட்டேன். ரெண்டு மாசமா ஒரு சொட்டுப் பால் இல்ல. தின்னுட்டுச் சும்மா நிக்கிறா. விலையும் நல்லா வந்துச்சு."

"அடப்பாவி மனுஷா, அவ நிறைசினை! கன்னு போடறதுக்கு முன்னால நாமதானே கறவைய நிறுத்தினோம்? சும்மாவா நின்னா? உள்ள ஒரு உசிரை வளர்த்துக்கிட்டு நின்னா!"

அண்ணனுக்கு இது தெரியாதா? தெரியும். அவர் கைக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியும். ஆனால் திரை சிவந்ததும் தெரிந்ததெல்லாம் மறந்துபோயிற்று. சீமாட்டி வேறொருவர் கொட்டகையில் கன்று ஈன்றாள். அவள் பாலை அங்கிருந்து ஏற்றிக்கொண்டு வந்த வண்டி என் வண்டிதான். கேன் ததும்பியது. யார் வீட்டுக் கேன் என்று கேட்டறிந்து, அண்ணனே வந்து மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, அந்த வண்டியடியிலேயே உட்கார்ந்து அழுதார்.

அன்றே கணக்கை மாற்றினார். ஒரு மாட்டின் செலவை மாதத்தில் முடிக்கக் கூடாது. ஓர் ஈத்திலிருந்து, அதாவது ஒரு கன்று ஈன்றதிலிருந்து, மறு ஈத்து வரை ஒரே கணக்காகப் பார்க்க வேண்டும். ஓய்வு மாதத்துத் தீவனமும் நாளைய பாலின் செலவு! மாதக் கணக்கு மாட்டை விரட்டும், ஈத்துக் கணக்கு மாட்டைக் காக்கும்!

கை தட்டாதீர்கள். நான் இன்னும் சொல்ல வந்ததைச் சொல்லவில்லை.

அண்ணன் உடம்பு முடியாமல் விழுந்தார். மருத்துவர் தெளிவாகச் சொன்னார்: "இதயம் ரொம்பக் களைச்சிருக்கு. அரை வருஷம் ஓய்வு. மாத்திரையை ஒரு வேளைகூட விடக்கூடாது. அப்புறம் தாராளமா உங்க மாடுங்ககிட்ட போகலாம்." ஓய்வு! அந்த ஒரு சொல்லை நம் தெரு தாங்கிக்கொள்ளவில்லையே, தாய்மார்களே! வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவரை வருவோரும் போவோரும் என்ன கேட்டார்கள்? "என்ன, சும்மாதான் இருக்கீங்களா?" சங்கத்துக்குப் பால் ஊற்றப் போனவர் கேட்டார். பாத்திரம் வாங்க வந்தவர் கேட்டார். "பாவம், எல்லாம் வீட்டுக்காரம்மா தலையிலயா?" என்று பரிவோடும் கேட்டார்கள். அந்தப் பரிவுதான் அதிகம் குத்தியது.

ஒருநாள் மருந்துக் கடைக்காரர் என் வண்டியை நிறுத்தினார். "உங்க அண்ணன் ஏன் மாத்திரையில பாதிதான் வாங்கறாரு?" என்றார். நான் நேரே வீட்டுக்குப் போனேன்.

"ஏண்ணே, பாதி மாத்திரைதான் முழுங்கறியா?"

"கத்தாதடா, உங்க அண்ணி காதுல விழும். என் மருந்துச் செலவு ரெண்டு மாட்டுத் தீனிச் செலவுடா. வரவு சைபர். வரிசைப்படுத்திப் பார்த்தா, இந்த வீட்டுல கடைசில நிக்கிறவன் நான்தான்."

"சீமாட்டிக்காக அழுதியேண்ணே! கணக்கையே மாத்தினியே!"

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "அவ கன்னு போடுவா. நான் என்னடா போடப்போறேன்?"

ஐயா, மருந்துக் கடைக்கே திரும்பி ஓடினேன். முழு மாத்திரையும் வாங்கி வந்து அவர் கையில் வைத்தேன்; சரி என்று தலையாட்டினார். ஒரு விடியற்காலை, அண்ணி எழுவதற்குள் தாமே தீவனம் வைத்துவிடலாம் என்று மூட்டையைத் தூக்கியிருக்கிறார். தூக்கிய மூட்டையின் மேலேயே சாய்ந்துவிட்டார். மருத்துவர் சொன்ன ஓய்வு முடிய இன்னும் கொஞ்ச காலமே இருந்தது. கொஞ்ச காலம்! பொறுத்திருக்கக் கூடாதா என் அண்ணன்? பொறுத்திருக்க விட்டிருக்கக் கூடாதா நாம்?

மாட்டுக்குக் கொடுத்த மன்னிப்பை மனிதன் தனக்குக் கொடுத்துக்கொள்ளவில்லை. கறக்காத மாட்டுக்குக் காத்திருக்கக் கற்றவர், களைத்த தன் நெஞ்சுக்குக் காத்திருக்கக் கற்கவில்லை. ஆசிரியப் பெருந்தகையே, கூட்டலும் கழித்தலும் பிறகு கற்றுத்தாருங்கள். முதல் நாளிலேயே ஈத்துக் கணக்கைக் கற்றுத்தாருங்கள். அது மாட்டோடு நின்றுவிடக் கூடாது என்றும் சொல்லித்தாருங்கள்!

நேற்று இந்த வகுப்புக்குப் பெயர் பதியும்போது வரிசையில் அண்ணி நிற்பதைப் பார்த்தேன். "உங்களுக்கு எதுக்கு அண்ணி இந்தச் சிரமம்? கணக்கை நான் பார்த்துக்கறேனே" என்றேன். அவர் சொன்னதைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நானும் அவரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட்டது கிடையாது தம்பி. ஒருத்தர் சாப்பிட்டா ஒருத்தர் கொட்டகையில. அவரு உடம்பு முடியாம இருந்த அந்த மாசங்கள்லதான் தினமும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். நான் சந்தோஷமா இருந்தது அப்பத்தான். அதைப் போய் அவரு நட்டம்னு எழுதிட்டுப் போயிட்டாரு. அதை வரவுல எழுத நான் கத்துக்கணும்."

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு என் நன்றி. உங்கள் வீட்டில் வேலைக்குப் போக முடியாமல் யாரேனும் படுத்திருந்தால், இந்த வண்டிக்காரனின் வணக்கத்தை அவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்து, இன்றிரவு அவர்கள் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். வருகிறேன்.