பெண் கொடுத்துப் பெண் எடுத்த அலுமினியம்

சங்ககிரியிலிருந்து எடப்பாடி செல்லும் காலைப் பேருந்தில், ஐம்பது ஆண்டுகளாக ஓதிவரும் பதிகத்தின் ஏழாம் பாட்டை முடித்திருந்தேன். முன்னிருக்கையில் ஒரு பெண், அறிவியல் புத்தகமும் கையுமாக இருந்த தன் கணவரிடம் சொன்னார்:

"அலுமினியத்துக்கு இணைதிறன் மூணு, ஆக்சிஜனுக்கு ரெண்டுங்க. பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுக்கற மாதிரி மாத்திப் போட்டா, அலுமினியம் ரெண்டு, ஆக்சிஜன் மூணு."

எட்டாம் பாட்டு எனக்கு மறந்து போயிற்று.

"சரி புள்ள. மெக்னீசியம் ஆக்சைடு?"

"அதுக்கும் ரெண்டு, இதுக்கும் ரெண்டு. மாத்தினாலும் ரெண்டு ரெண்டுதானுங்க."

"போன பரீட்சையிலயும் இதையேதான எழுதிட்டு வந்த? சமமா இருந்தா ஒண்ணுக்கு ஒண்ணுன்னு சுருக்கோணும்."

"தறியில ஒத்தை இழை அறுந்தாக் கண்டுபிடிக்கறேன், இது மண்டையில ஏறமாட்டேங்குது. மூணாந்தடவையாப் பத்தாவது எழுதறேன். இன்னைக்கும் போச்சுன்னா மேட்டூர்ல ஆய்வக வேலையும் போச்சுங்க."

"நம்ம கல்யாணத்தை நெனச்சுக்க. உன்னை எனக்குக் குடுத்தாங்க, எந்தங்கச்சிய உங்கண்ணனுக்கு எடுத்தாங்க. ஒண்ணுக்கு ஒண்ணு."

"ஆமாங்க! நான் எழுதின கணக்குல உங்களை ரெண்டு வாட்டி கட்டியிருக்கோணும். ஒண்ணே போதும் சாமி."

எடப்பாடியில் இறங்க எழுந்தார்கள்.

"கால்சியம் குளோரைடு?"

"கால்சியத்துக்கு ரெண்டு, குளோரினுக்கு ஒண்ணு. மாத்திப் போட்டா கால்சியம் ஒண்ணு, குளோரின் ரெண்டு."

கணவர் பக்கத்தைப் புரட்டினார்.

"தேடாதீங்க. சரியாத்தான் இருக்கும்" என்று அந்தப் பெண் முதலில் இறங்கிவிட்டார்.

பாட்டெண்ண மடக்கிய என் விரல்களைப் பார்த்தேன். ஏழு கலைந்து, கால்சியத்துக்கு ஒரு கையில் ஒன்று, குளோரினுக்கு மறு கையில் இரண்டு என மடங்கியிருந்தன. எட்டாம் பாட்டு மட்டும் வரவேயில்லை.