கசடுக்கு ஒரு பில்

சேதராப்பட்டிலிருந்து டவுனுக்குப் போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் மடியில் ஃபைலோடு ஒரு பெண். பக்கத்தில் அவள் தோழி.

"குப்பைக்கு எங்கடி பில் வாங்குறது?"

"யாரு கேட்டா?"

"ஸ்காலர்ஷிப் இன்டர்வியூல. இரும்பு உருக்குற கம்பெனி வெளிய கொட்டுற கசடுல செங்கல் செய்யலாம்னு ஆராய்ச்சிக்கு எழுதியிருக்கேன். 'கசடு வாங்குன பில் எங்க?'ன்றாங்க. ஏரிக்கரைல ஆள் ஒசரத்துக்குக் கொட்டி வச்சிருக்கான், அள்ளிட்டு வந்தேன்னு சொன்னேன். பில் இல்லன்னா அப்ளிகேஷனே செல்லாதாம்!"

"கம்பெனிலயே ஒரு லெட்டர் கேக்கறதுதானே?"

"கேட்டேன். குடுத்தான்." ஃபைலிலிருந்து ஒரு தாளை உருவித் தோழியின் மடியில் எறிந்தாள். "படி. 'எங்கள் கம்பெனியிலிருந்து கழிவு எதுவும் வெளியேறுவதில்லை.' சீல் வேற வச்சிருக்கான்!"