அடிகுழாய் அருகே ஒரு போன்

பிள்ளைகளே, அரபு நாட்டு ஜெபல் அலியில் வேலை முடிந்து பஸ்ஸில் கேம்ப்புக்குத் திரும்பும்போது, என் முன்சீட்டில் இருந்த நம் ஊர்க்காரர்கள் இருவர் பேசிக்கொண்டது இது.

"எங்க ரூம் பீகார் பாய் எழுதுற கதையில ஒரு கிழவி 'கலாஸ்'னு சொல்லிட்டாளாம்ணே. போன வாரம் ரெண்டு நாள் சோறே திங்கல மனுசன்."

"கலாஸ்னா முடிஞ்சுதுன்னு எல்லாரும் சொல்றதுதானே? இதுக்கா பட்டினி?"

"அது அரபிண்ணே. கிழவி பீகார்ல ஆடு மேய்க்கிறவ, ஊரத் தாண்டாதவ. அவரு இந்தியில எழுதுனாலும் ஆளுங்க அந்த ஊர்ப் பேச்சுலதான் பேசுவாங்க. அதுக்காகத்தான் பத்திரிகையில கேட்டு வாங்கிப் போடுறாங்க. எட்டு வருசமா இங்க கெடந்து, அந்தப் பேச்சு மறந்துருச்சோன்னு பயம்."

"வீட்டம்மாகிட்ட கேக்கலாமே?"

"அவங்கதான் தண்ணி பிடிக்கிறப்ப இவருக்கு போன் போட்டு, கட் பண்ணாம அடிகுழாய்கிட்ட வச்சிருவாங்க. பொம்பளைங்க பேசுறத இவரு லஞ்ச் நேரத்துல கேட்டு நோட்டுல எழுதிக்குவாரு."

"ஒட்டுக்கேக்குறதுக்குப் பேரு கதையா?"

"அந்தப் பொம்பளைங்களுக்கும் தெரியும்ணே. இவரு எழுதட்டும்னே ஒருத்திய ஒருத்தி நல்லா வையுறாங்களாம்."

"அது சரி!"

"நேத்து அவரு மக குரல் வந்துச்சாம். கூட வந்த பிள்ளைகிட்ட, 'எங்கப்பா ஊரு பேச்செல்லாம் கேப்பாரு, எங்கூடத்தான் பேசமாட்டாரு'ன்னுச்சாம்."

"அத எழுதினாரா?"

"பேனாவ மூடிட்டு மக பேரச் சொல்லிக் கத்துனாருண்ணே. குழாய்ச் சத்தத்துல அங்க யாருக்கும் கேக்கல."